கவிழ்த்துப் பார்க்கிற அக்கா

உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். கல்யாண மண்டபமா, கிளினிக்கா, ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையா, அக்காவுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு கையால் தூக்கித் தலைகீழாகப் பிடிப்பார். நாலு காலையும் நாலு மூலையையும் ஒரு பார்வை பார்ப்பார். திருப்தி என்றால் உட்காருவார். இல்லையென்றால் அடுத்ததை எடுப்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். கூடப் போன எனக்குத்தான் மானம் போகும்.

எங்கள் ஜோகூர் மாநிலத்து மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. செய்து முடித்த நாற்காலிகள் வரிசையாக வரும். பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும் அந்த அம்பு. ஸ்டிக்கர் தாள் ஒன்று எப்போதும் அவர் கைப்பையிலும் கிடக்கும்.

"என்ன பழுதுன்னு எழுத மாட்டீங்களாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? எங்கேன்னு காட்டினா போதும் செயலாளரே. ஏன்னு செஞ்சவன் பாத்துக்குவான். நான் திட்ட ஆரம்பிச்சா அவன் நாற்காலிய விட்டுட்டு என் மூஞ்சியத்தான் பாப்பான்."

செயலாளர் என்று அவர் கிண்டலாகச் சொன்னது என்னை. வாகனக் காப்புறுதி விற்பது என் பிழைப்பு. எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்குச் செயலாளராக இருப்பது என் பெருமை. ஒரு வாடகை மாடி, ஓர் இரும்பு அலமாரி நிறையப் புத்தகம், கூட்டம் என்றால் இருபது முப்பது பேர். அவ்வளவுதான் வட்டம்.

அங்கே வாசகராக வந்து பழக்கமானவர்தான் அக்கா. அவர் எங்களிடம் முதலில் எடுத்துப் போனது உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் நாவலை. கதை லாபிஸ் ஊரில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் நடப்பது. "நாங்க அந்தப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவங்க. எங்கூரு எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்று எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது நூற்றுச் சொச்சம் பக்கங்களில் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு அம்பு. நாவலின் நாயகி மனநோய்க்கு வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்வதாக எழுதியிருந்த வரி அது.

"புத்தகத்துல ஸ்டிக்கர் ஒட்டலாமாக்கா?"

"அந்த ஊசி வாரா வாரம் போடறதில்ல. மாசத்துக்கு ஒண்ணுதான். மத்ததெல்லாம் சரியா இருக்கு. எழுதினவரு யாரையோ கூட இருந்து பாத்திருக்காரு."

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டில் தங்கை இருக்கிறாள் என்றார். இருபது வயதில் வந்தது, இப்போது நாற்பதாகிறது, மாதம் ஒரு ஊசி போட்டால் தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கும், செத்துப்போன அப்பாவோடு மட்டும் அவ்வப்போது பேசிக்கொள்வாள் என்றார். சந்தை விலை சொல்வதுபோல் சொன்னார்.

அந்தத் தங்கையை நான் பலமுறை பார்த்திருந்தேன், யாரென்று தெரியாமலே. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடையில் காலையில் பொட்டலம் மடிப்பவர். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கை ஒரு பொட்டலத்தைக்கூடக் கோணலாக மடிக்காது.

நாவலின் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. முழுக்கதையும் அந்த நோயாளிப் பெண்ணே சொல்வதாக இருக்கும். ஊரில் இரண்டு கொலை விழுகிறது. செய்தவர் அவளுடைய மச்சான், ஊரே கும்பிடுகிற பெரிய மனிதர். முதல் கொலையைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். இவள் சொன்னால் யார் நம்புவார்கள்? படிக்கிற நமக்கே இவள் பார்த்தது நிஜமா, நோயா என்று கடைசிவரை சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் நம்பாமல் இருந்ததற்காக நமக்கே வெட்கமாகிவிடும்.

இதைப் படமாக எடுத்தார்கள். நம் நாட்டுத் தமிழ்ப் படம், நம் எழுத்தாளரின் நாவல், ஜோகூரிலேயே எடுத்தது. வட்டத்தில் எல்லோரும் தலைகால் புரியாமல் குதித்தோம். டிக்கெட் வாங்கிக் கும்பலாகப் போனோம். கடைசிக் காட்சியில் கொலைகாரி அந்த நோயாளிப் பெண்தான் என்று காட்டினார்கள். ஒவ்வொரு கொலைக்கு முன்னும் அவள் சிரித்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். தியேட்டர் அலறியது. நானும் கை தட்டினேன். வெளியே வந்து அக்காவைப் பார்த்தால், அவர் டிக்கெட் கவுண்டரில் மறுபடி நின்றுகொண்டிருந்தார்.

படம் மூவாரில் ஒரு வாரம்தான் ஓடியது. அதற்குள் மூன்று தடவை பார்த்துவிட்டார்.

"மொத தடவ முன்பக்கம் பாக்கணும். ரெண்டாவது தடவ பக்கவாட்டுல வெளிச்சம் விட்டுப் பாக்கணும். மூணாவது தடவதான் கவுத்துப் போட்டுப் பாக்குறது. ஒரே தடவயில ரிஜெக் பண்ணக் கூடாது. செஞ்சவன் பாவம்."

இதில் அவருக்கு எவ்வளவு பிடிவாதம் என்பதற்குத் தொழிற்சாலையில் ஒரு கதை உண்டு. கப்பலேற வேண்டிய சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஒரு லாரி முழுவதற்கும் அம்பு ஒட்டிவிட்டாராம். முதலாளியான சீனத் தவுக்கே ஓடி வந்து, மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே என்று மலாயில் கத்தினார். அக்கா ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் திருகாணி இறங்காத மூலையைக் காட்டி, நிமிர்த்தி வைத்து, "உட்காருங்க தவுக்கே" என்றாராம். தவுக்கே உட்காரவில்லை.

படம் ஓடி முடிந்தது. ஆனால் அக்கா இருந்த அடுக்குமாடி வீட்டில் அது ஓடிக்கொண்டே இருந்தது. தங்கை படி இறங்கி வந்தால் பிள்ளைகள் "ஒண்ணு... ரெண்டு... மூணு!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். முதலில் விளையாட்டு என்று நினைத்து அவரும் கூடச் சேர்ந்து எண்ணியிருக்கிறார், பாவம். அதைப் பார்த்த பெரியவர்கள் கதவைச் சாத்தினார்கள். நாசி லெமாக் கடையில் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வீட்டுச் சொந்தக்காரரிடம் போனார்கள். அவர் அக்காவைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டுச் சொந்தக்காரர்தான் எங்கள் வாசகர் வட்டத் தலைவர்.

தலைவர் கெட்டவர் இல்லை. யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் மனம்தான் அவருக்கு முதலில் தெரியும்.

இந்த நேரத்தில்தான் இயக்குநரை அழைத்துத் திறனாய்வுக் கூட்டம் வைக்க முடிவானது. அழைப்பிதழ் அடிப்பது என் வேலை. பதினொரு வருடமாக ஒரே கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றுவேன். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை இருவர், விமர்சன உரை ஒருவர், ஏற்புரை, நன்றியுரை. இதில் விமர்சன உரை என்ற வரி எப்படி வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த வரியில் பெயர் வந்த யாரும் இதுவரை விமர்சித்தது கிடையாது. நம்ம ஆளு, நம்மதான் தூக்கிவிடணும் என்று உச்சி குளிரப் பேசிவிட்டு இறங்குவார்கள். மூன்றாவது வாழ்த்துரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவலைப் படித்தவர் என்பதால் அந்த வரியில் அக்கா பெயரைப் போட்டேன்.

அழைப்பிதழைப் பார்த்த தலைவர் என்னைக் கூப்பிட்டார். "பரவால்ல, பேசட்டும். ஆனா நாலு நல்ல வார்த்த சொல்லச் சொல்லுங்க. நம்ம படம் லா. வீட்டு விசயத்த நான் பாத்துக்கிறேன்னு சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தங்கை போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னேன்.

"நீங்க என்னா சொல்றீங்க செயலாளரே?"

"நான் என்னாக்கா சொல்றது... கொஞ்சம் அனுசரிச்சுப் போனா தங்கச்சிக்கும் நல்லதுதானே."

அவர் அழைப்பிதழை எடுத்து என் முன்னால் வைத்தார். "வாழ்த்துரைக்கு ரெண்டு பேரு போட்டிருக்கீங்க. எனக்குப் போட்டிருக்கிறது விமர்சன உரை. நான் எதச் செய்யணும்?"

"அது எப்பவும் போடுறதுக்கா. சும்மா."

"எப்பவும் போடுறீங்கல்ல? அப்ப எப்பவாச்சும் ஒருத்தரு அதச் செய்யணும்ல?"

கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. அக்கா தங்கையோடு வந்தார். தொடங்குவதற்கு முன் தேநீர், உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப். தங்கை தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்தார். இயக்குநர் இளவயதுக்காரர், நல்ல பிள்ளை. "தேங்க்ஸ்கா, செம டேஸ்ட்" என்று இரண்டு எடுத்துக்கொண்டார்.

வரவேற்பு முடிந்தது, பொன்னாடைகள் போர்த்தியாகிவிட்டது, இரண்டு வாழ்த்துரைகளும் ஆயின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து போனார். கையில் காகிதம் இல்லை.

"நல்லா இருக்குறத மொதல்ல சொல்லிடுறேன். ரயில் வர்றதுக்கு முன்னாடி மேசை மேல தண்ணி கிளாசு ஆடுது பாருங்க. நாங்க பொறந்த வீட்டுல அப்படித்தான் ஆடும். அது நாவல்லகூட இல்ல. அப்புறம் அந்தப் பொண்ணா நடிச்சவங்க அடிக்கடி நாக்கால உதட்ட நனைச்சுக்கிறாங்க. மருந்து எடுத்தா வாய் காஞ்சு போகும். அவங்க யாரையோ பாத்துக் கத்துக்கிட்டிருக்காங்க. ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க."

இயக்குநர் முகம் மலர்ந்தது. தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

"கதைய மாத்தினதும் தப்பில்ல. மரத்த அறுக்காம நாற்காலி செய்ய முடியாது. உக்காந்தா தாங்கணும், அவ்வளவுதான். இப்பக் கவுத்துப் போட்டுப் பாப்போம்."

நான் தலைவர் பக்கம் திரும்பாமல் அக்காவையே பார்த்தேன்.

"ரெண்டாவது கொலை செவ்வாக்கிழம காலையில நடக்குதுன்னு போலீஸ்காரரு சொல்றாரு. அதே செவ்வாக்கிழம காலையில அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு இருக்கா. அட்டையில நர்ஸ் தேதி எழுதுறதப் பெருசாக் காட்டுறீங்க. நாவல்ல அந்தக் காட்சி எதுக்கு இருக்கு? அவ கொலை செய்யலன்னு காட்டுறதுக்கு. நீங்க காட்சிய அப்படியே வச்சுக்கிட்டு கொலைகாரன மட்டும் மாத்திட்டீங்க. ஊசி போட்டுக்கிட்டிருக்கிறவ எப்படித் தம்பி கொலை செஞ்சா?"

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை முறை பார்த்திருப்பார் தன் படத்தை! தலைவர் துண்டுச்சீட்டில் "நேரம்" என்று எழுதி என்னிடம் நீட்டினார். பேச்சை முடிக்க வைக்க எங்கள் வட்டத்தில் அதுதான் முறை, சீட்டைக் கொண்டு போய் மைக் முன்னால் வைப்பது செயலாளர் வேலை. கொண்டு போய் வைத்தேன். அக்கா அதன்மேல் தண்ணீர் கிளாசை வைத்தார்.

இயக்குநர் எழுந்தார். "அக்கா, பாக்குறவங்க அவ்வளவு கணக்கா பாக்க மாட்டாங்க. த்ரில்லர்னா கடைசியில ஒரு அதிர்ச்சி வேணும். மச்சான்தான்னு நாவல் படிச்ச எல்லாருக்கும் தெரியுமே?"

"குடுங்க தம்பி, அதிர்ச்சி குடுங்க. ஆனா பைத்தியம்னா கொலை செய்யும்னு எல்லாரும் ஏற்கனவே நெனைச்சுக்கிட்டுத்தான இருக்காங்க? எல்லாரும் நெனைக்கிறத எடுத்துச் சொல்றதுல என்னா அதிர்ச்சி இருக்கு? நாவல்ல நம்ம அவ தலைக்குள்ள உக்காந்திருந்தோம். படத்துல ஜன்னலுக்கு வெளிய நின்னு எட்டிப் பாக்குறோம். பயமா இருக்குன்னு சொல்லி ஜன்னலச் சாத்துறோம்."

இரண்டாவது சீட்டு வந்தது. மடிக்காமல்தான் தந்தார். "வீடு ஞாபகம் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தது. படித்தேன். படித்துவிட்டும் எழுந்தேன், நடந்தேன், கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அக்கா அதைக் கையில் எடுத்து மைக்கில் வாசித்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஞாபகம் இருக்குங்கய்யா. மாசக் கடைசி வரைக்கும் அது எங்க வீடு. இன்னும் ரெண்டு நிமிசத்துக்கு இந்த மைக்கும் என்னுதுதான்."

மூன்றாவது வரிசையைக் காட்டினார். "அந்தப் பச்சைச் சேலை என் தங்கச்சி. இருபது வருசமா அந்த ஊசி போடுறா. ஒரு எறும்பக்கூட அடிச்சது இல்ல. இந்தப் படம் வந்த பிறகு பிள்ளைங்க அவளப் பாத்து எண்ணிட்டு ஓடுதுங்க. அவ வேலை போச்சு. வீடும் போகப் போகுது. தேநீர் நேரத்துல அவ கையால ரெண்டு கறிபாப் வாங்கிச் சாப்பிட்டீங்களே தம்பி, இப்பக் குடுத்தா வாங்குவீங்களா?"

கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் கறிபாப் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தங்கை எழுந்துவிட்டார். மிச்சம் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு நேராக மேடைக்குப் போய், சிரித்துக்கொண்டே இயக்குநரிடம் நீட்டினார். "சாப்பிடுங்க. சூடு ஆறிப் போச்சு."

இயக்குநர் அவருடைய கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தை. ஒரு கணம்தான். பிறகு எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா தம்பி" என்றார் அக்கா. "அந்த ஒரு செகண்டு. மொதல்ல வாங்கினப்ப அது இல்ல. படத்த எடுத்த உங்களுக்கே அது வந்திருச்சு." சொல்லிவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இயக்குநர் ஏற்புரையில் ஊசிக் காட்சியைத் தான் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்து நன்றியுரை, அதுவும் செயலாளர் வேலை. மேடையேறி இயக்குநருக்கு நன்றி சொன்னேன், தலைவருக்குச் சொன்னேன், வாழ்த்தியவர்களுக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கறிபாப் பொரித்தவருக்கும் சொன்னேன். அக்கா பெயர் நாக்கு நுனிவரை வந்தது. தலைவர் முகத்தைப் பார்த்தேன். மென்று விழுங்கிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினேன். நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கியபோது அடியில் நட்ட நடுவில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. நான் மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது ஒட்டியிருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நாலு காலையும் அழுத்திப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். தெற்கே இரண்டு மணி நேரம் தள்ளி, தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. சாமான் ஏற்ற நானும் போனேன். என்ன முகத்தோடு போனேன் என்று கேட்காதீர்கள். தங்கை லாரியின் முன் இருக்கையில் ஏறி அப்பாவிடம் பயணம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு மெல்லக் கேட்டேன்.

"அக்கா, அந்த நாற்காலியில ஒரு பழுதும் இல்லையே."

"நாற்காலி நல்ல நாற்காலிதான் செயலாளரே" என்றார். லாரி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது இன்னொரு நாவல் படமாகி வந்திருக்கிறது. நம் நாட்டுப் படம்தான், மனநோய் த்ரில்லர்தான். அடுத்த சனிக்கிழமை கூட்டம். தலைவர் அவரேதான். அழைப்பிதழ் கோப்பிலிருந்து விமர்சன உரை என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார். வம்பு எதற்கு என்றார்.

எடுக்கவில்லை. அந்த வரிக்கு நேரே என் பெயரைப் போட்டு அச்சடித்து, நேற்றே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். காலையிலிருந்து தலைவர் நாலு முறை போனில் கூப்பிட்டுவிட்டார். நான் எடுக்கவில்லை. படத்தை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. மூன்றாவது தடவைக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.